சங்கக்கடையும் செக்ரோலும்: பிலிப் குணவர்தனவின் கணக்கும் நமது கணக்கும்

(தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இளைஞர் அணியினரும் கூடிய கற்கை வகுப்பில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். பலர் இன்னும் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று எமக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறோம்.

சென்ற வகுப்பில் சம்பள நிர்ணயச் சபை பற்றிப் பேசினோம். எத்தனை ரூபா கூடியது, யார் கையெழுத்துப் போட்டார்கள், கம்பெனிகள் எப்படி இழுத்தடித்தன என்றெல்லாம் விளக்கினோம். எல்லாம் முடிந்து எழும்பும்போது பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கேட்டார்: "சம்பளம் கூடுது, சரி. கூடுன காசு எங்க போகுது?" சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத்தில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் கேள்விக்கு நாம் சரியான பதில் வைத்திருக்கவில்லை.

அந்தக் கேள்வியை எழுபது வருடங்களுக்கு முன்பே கேட்டு, அமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டு அதற்கு ஒரு பதிலும் செய்து பார்த்த மனிதர் ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். பிலிப் குணவர்தன. இன்றைய பேச்சு அவரைப் பற்றியது. புகழ்மாலை போடுவதற்காகப் பேசவில்லை. அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, கேட்க வேண்டிய கணக்கும் உண்டு.

பிலிப் 1901 ஜனவரி 11 ஆம் திகதி அவிசாவளைக்குப் பக்கத்தில் பொரளுகொடவில் பிறந்தார். இறப்பர் தோட்டமும் வயலும் கலந்து கிடக்கும் பகுதி அது. குடும்பம் காணி பூமியுள்ள குடும்பம். தகப்பனாரை ஊரார் பொரளுகொட ராலஹாமி என்பார்கள். 1915 கலவரத்தின்போது வெள்ளைக்கார அரசாங்கம் இராணுவச் சட்டம் போட்டது. அதன் கீழ் அந்தத் தகப்பனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, பிறகுதான் அவர் தப்பினார். அப்போது பிலிப்புக்கு வயது 14. அந்த வயதில் பார்த்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

படிப்பதற்கு அமெரிக்கா போனார். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் அவரும் ஒரே காலத்தில் இருந்தார்கள். பிறகு இங்கிலாந்து. அங்கே ஏகாதிபத்திய எதிர்ப்புக் கூட்டங்கள், தொழிலாளர் இயக்கம், இடதுசாரிகளுக்குள்ளேயே சண்டை. 1932 இல் நாடு திரும்பினார். காணிக்கார வீட்டுப் பிள்ளை இங்கிலீசு படித்துவிட்டு வந்தால் வழக்கறிஞராவார், இல்லையென்றால் துரைமாரோடு சேர்ந்து தோட்டம் வாங்குவார். இவர் இரண்டும் செய்யவில்லை.

1934, 35 இல் மலேரியா வந்தது. கேகாலைப் பக்கம் வீட்டுக்கு வீடு பிணம். நாடு முழுவதும் 80,000 பேர் அளவில் செத்துப்போனதாகக் கணக்கு. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தால் மட்டும் போதாது, வயிற்றில் ஒன்றும் இல்லாதவனுக்கு மருந்து வேலை செய்யாது என்பதை அவர்கள் அங்கேதான் கண்டார்கள். அந்த வட்டத்திலிருந்துதான் 1935 டிசம்பர் 18 ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. பிலிப், என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி. சில்வா, லெஸ்லி குணவர்தன ஆகியோர் அதன் முன்னோடிகள். அடுத்த வருடமே அரசாங்க சபைத் தேர்தல். பிலிப் அவிசாவளையிலும் என். எம். ருவன்வெல்லையிலும் வென்றார்கள். இலங்கைச் சட்டசபைக்குள் சோசலிசம் பேச இரண்டு பேர் போனது அப்போதுதான்.

இனி நமது பக்கம் வருவோம்.

1937 இல் பிறேஸ்கேர்டில் என்ற இளைஞர். அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தவர், மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துரை வேலை பழகிக்கொண்டிருந்தவர். துரைமார் தொழிலாளரை நடத்தும் விதத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் சமசமாஜிகளோடு சேர்ந்து நாவலப்பிட்டி மேடையில் ஏறிப் பேசினார். வெள்ளைத்தோல் ஒன்று வெள்ளைத்தோலுக்கு எதிராகப் பேசியதைத் தோட்டச் சொந்தக்காரர்களால் தாங்க முடியவில்லை. ஆளுநர் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். சமசமாஜிகள் அவரை ஒளித்து வைத்தார்கள். பிலிப்பும் என். எம்.மும் அரசாங்க சபையில் ஆளுநருக்கு எதிராகவே கண்டனம் கொண்டுவந்தார்கள். கடைசியில் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்ப்புக் கொடுத்தது. துரையின் சொல்லும் ஆளுநரின் சொல்லும் கடைசிச் சொல் அல்ல என்பதை நமது பாட்டன்மார் அப்போது பார்த்தார்கள்.

அடுத்தது முல்லோயா. 1940 ஜனவரி 10. சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் விழுந்தார். அந்தப் பெயரை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோவிந்தனுக்காக விசாரணை ஆணைக்குழுவுக்கு முன் நின்று வாதாடியது சமசமாஜிகள். அந்த வருடம் ஊவாவில் வேவெஸ்ஸத் தோட்டம் வரைக்கும் போராட்டம் பரவியது. யுத்த காலத்தில் தேயிலை நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று வெள்ளைக்காரனுக்குப் பயம் பிடித்தது. 1940 யூனில் பிலிப், என். எம்., கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1942 ஏப்ரல் 7 ஆம் திகதி, யப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை, நால்வரும் போகம்பறைச் சிறையிலிருந்து வெளியேறிவிட்டார்கள். கதவைத் திறந்துவிட்ட காவலரும் கூடவே போய்விட்டார். பிலிப் கடல் கடந்து இந்தியா போய், பம்பாயில் பிடிபட்டு, மறுபடி இங்கே கொண்டுவரப்பட்டுச் சிறையில் இருந்தார்.

ஆகவே ஒன்றை நாம் மறக்கக்கூடாது. அவரும் அவருடைய தோழர்களும் சிறைக்குப் போனதற்குத் தோட்டப் போராட்டங்களும் ஒரு காரணம்.

1947 இல் அரசாங்க ஊழியர் பொது வேலைநிறுத்தம். யூன் 5 ஆம் திகதி ஊர்வலத்தில் பொலிஸ் சுட்டு, எழுதுவினைஞர் கந்தசாமி இறந்தார். அந்தப் போராட்டத்துக்காகப் பிலிப் மறுபடி சிறை போய், அவிசாவளை ஆசனத்தையும் இழந்தார். 1948 இல் அந்த இடத்துக்கு அவருடைய மனைவி குசுமா குணவர்தன தெரிவானார். அதே வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நமது ஆட்களை நாடற்றவர்களாக்கியது. சமசமாஜிகள் அதை எதிர்த்தார்கள். அதற்கு முந்திய தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. தோட்ட வாக்குகளால் வென்ற இடதுசாரிகள் அதற்கு மேலும் சிலர். வாக்கைப் பறித்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்துதான் பறித்தார்கள்.

இந்த வரலாறு உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். நாம் நிற்க வேண்டிய இடம் 1956.

அந்த வருடம் பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் பிலிப் விவசாய, உணவு அமைச்சரானார். கூட்டுறவும் அவரிடம்தான் இருந்தது. இவ்வளவு காலம் வேலைநிறுத்தம் நடத்தியவர் இப்போது கணக்கு நடத்த வேண்டும். வயல் செய்யும் ஏழையின் கணக்கை அவர் எடுத்துப் பார்த்தார்.

அந்தக் கணக்கு இப்படி. காணி வேறொருவருடையது. அந்தே முறைப்படி விளைச்சலில் பாதி காணிக்காரனுக்கு. விதைக்கும் காலத்தில் கையில் காசில்லை. விதைநெல்லுக்கும் வீட்டுச் செலவுக்கும் கடை முதலாளியிடம் போக வேண்டும். அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, துணி எல்லாம் கடன், எல்லாம் முதலாளியின் கொப்பியில். அறுவடை நாளில் முதலாளியின் வண்டி களத்து வாசலில் நிற்கும். காணிக்காரன் பாதியை அள்ளிப் போனபின் மிச்சத்தை முதலாளி அள்ளுவார். விலை அவர் சொன்ன விலை. அள்ளிய பிறகும் கொப்பியில் கடன் மிச்சம் இருக்கும். அடுத்த போகத்துக்கு மறுபடி அதே கடைப் படி.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு எதுவும் ஞாபகம் வருகிறதா? நமக்கு வந்தது. கங்காணியின் துண்டு. தோட்டம் மாறினால் கடனும் கூட வரும். 1921 இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தோட்டத்தில் கொடுத்த அரிசியின் காசு சம்பளத்தில் கழிந்தது. கடைக்கணக்கு, முற்பணம், பண்டிகைக் கடன் எல்லாம் கழிந்து, சம்பள நாளில் சிட்டையில் மட்டும் காசு, கையில் காற்று. வயல்காரனின் களத்து வாசலும் நமது செக்ரோலும் ஒரே மாதிரியான வாசல்கள்தான்.

பிலிப் செய்த முதல் வேலை 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். காணிக்காரனின் பாதியைக் கால்பங்கு அளவுக்குக் குறைத்தது. குத்தகைக்காரனை நினைத்தபடி விரட்ட முடியாது, அவன் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு என்றது. ஊர்ச் செய்கைக் காரியங்களைப் பார்க்க விவசாயிகளின் குழுக்களை அமைத்தது. காணிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சட்டம் வருகிறது என்றதும் எத்தனையோ பேரைக் காணியிலிருந்து கிளப்பினார்கள். "இவன் என் குத்தகைக்காரன் இல்லை, கூலிக்காரன்" என்று எழுதி வைத்தார்கள். எழுத்தில் ஒரு சொல்லை மாற்றினால் ஒரு குடும்பத்தின் உரிமை போய்விடும் என்பது மலையகத்தில் இருக்கும் நமக்குப் புதிதல்ல.

ஆனால் அவருக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. பாதியைக் கால் ஆக்கினாலும் மிஞ்சியதைக் கடை முதலாளி அள்ளிக்கொண்டு போனால் சட்டத்தால் யாருக்கு லாபம்? சென்ற வகுப்பில் அந்தத் தங்கச்சி கேட்டது இதைத்தான். இதற்குப் பதிலாகத்தான் அவர் 1957 இலிருந்து பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை ஊர் ஊராக உண்டாக்கினார்.

கூட்டுறவை அவர் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் 1844 இல் 28 தொழிலாளர் சேர்ந்து ஒரு சின்னக் கடை போட்டார்கள், அவர்களில் பலர் நெசவாளர். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்று கொஞ்சம் சாமான்தான். கலப்படம் இல்லை, நிறையில் கள்ளம் இல்லை, கடன் இல்லை. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. உலகத்தில் இன்றுள்ள கூட்டுறவுக்கெல்லாம் அந்தக் கடைதான் வழி காட்டியது. நமது நாட்டில் 1911 இல் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பங்கீட்டு அரிசிக்காகக் கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் முளைத்தன. சங்கக்கடை என்று நாம் இன்றைக்கும் சொல்லும் பெயர் அந்தக் கடைகளோடு ஊருக்கு ஊர் பரவியது.

ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு வேலையைத்தான் செய்தன. ஒரு சங்கம் கடன் கொடுக்கும். இன்னொன்று அரிசி விற்கும். நெல்லை வாங்க இன்னொன்று, அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. விவசாயி கடன் சங்கத்தில் கடன் வாங்குவான், நெல்லை முதலாளிக்குத்தான் விற்பான், ஏனென்றால் முதலாளியின் கொப்பியிலும் அவன் பெயர் இருக்கிறது. கடன் சங்கத்துக்குக் காசு திரும்பி வராது. சங்கம் படுத்துவிடும். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை பிடிக்கவில்லை.

பிலிப்பின் யோசனை இந்த எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவருவது. விதைநெல், பசளை, கடன் அங்கே. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் அங்கே. விளைந்த நெல்லை அரசாங்கத்தின் உத்தரவாத விலைக்கு, புசலுக்கு 12 ரூபாவுக்கு, வாங்கிக்கொள்வதும் அங்கேதான். நெல் வந்ததும் கடன் கழியும், மிச்சம் கையில் கிடைக்கும். முதலாளியின் வண்டி வெறுமையாகத் திரும்பிப் போகும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். கடனைக் கழித்துக்கொண்டு மிச்சம் கொடுப்பது என்றால் செக்ரோலும் அதைத்தானே செய்கிறது? முதலாளியின் கொப்பியும் அதைத்தானே செய்தது? அப்படியானால் சங்கத்தில் என்ன புதுமை? கழிப்பதில் புதுமை இல்லை. கொப்பி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் புதுமை. முதலாளியின் கொப்பியை விவசாயி திறந்து பார்க்க முடியாது. சங்கத்தின் கொப்பியைத் திறந்து காட்டு என்று எந்த அங்கத்தவனும் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கேட்கலாம். விலை எப்படிப் போட்டாய், வட்டி எப்படிப் போட்டாய் என்று கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் கமிட்டியையே மாற்றலாம். வாக்கு ஆளுக்கு ஒன்று, அது கூட்டுறவுச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு இடத்தை விளங்கிக்கொண்டால் இன்றைய வகுப்பில் பாதி முடிந்தது.

இனி சங்கங்களுக்குக் கடன் கொடுக்கும் காசு எங்கிருந்து வரும்? அன்றைக்கு வங்கிகள் ஏழை விவசாயியை வாசல் ஏற விடவில்லை. வங்கியின் காசு தேயிலைக்கும் ஏற்றுமதிக்கும் போனது. ஆகவே கூட்டுறவுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று பிலிப் மசோதா தயாரித்தார். சண்டை முற்றியது அங்கேதான். நெற்காணிச் சட்டத்திலேயே கோபமாயிருந்த அமைச்சர்கள், இந்த ஆள் கிராமத்தின் காசுப் பையையும் கையில் எடுக்கப் போகிறான் என்று கொதித்தார்கள். 1959 இல் பத்து அமைச்சர்கள் பிலிப் இருக்கும் அமைச்சரவைக்கு வரமாட்டோம் என்று நின்றார்கள். அதை "அமைச்சரவை வேலைநிறுத்தம்" என்றே நாடு அழைத்தது. வேலைநிறுத்தம் என்றாலே சட்டவிரோதம் என்று நமக்குப் பாடம் சொல்பவர்கள் இதையும் படிக்க வேண்டும். அந்த வேலைநிறுத்தத்துக்கு யாரும் பொலிஸ் அனுப்பவில்லை, யாருடைய நாட்சம்பளமும் வெட்டப்படவில்லை. கோரிக்கையும் நிறைவேறியது. அவருடைய அமைச்சின் முக்கிய பொறுப்புகளைப் பிரித்தெடுக்கும் முடிவு வந்ததும் பிலிப் அந்த மே மாதம் வெளியேறினார்.

வங்கி மட்டும் வந்தது, அவர் இல்லாமல். 1961 இல் டி. பி. இலங்கரத்னவின் காலத்தில் மக்கள் வங்கி திறக்கப்பட்டது. அதன் பங்குகளில் ஒரு சிறு பகுதி இன்றைக்கும் கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில்தான் இருக்கிறது. நீங்கள் சேமலாப நிதியைப் போட்டு வைத்திருக்கும் மக்கள் வங்கிப் புத்தகத்துக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. கவுண்டரில் இருக்கும் தம்பிக்கே இது தெரியுமோ என்னவோ.

இதுவரை அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொன்னோம். இனி கேட்க வேண்டிய கணக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் உங்களுக்கு நேர்மையாக நடந்ததாகாது.

1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் எதிர்த்து வாக்களித்தன. பிலிப் அப்போது வேறு கட்சி. அவர் ஆதரித்தார். கோவிந்தனுக்காக நின்ற இயக்கத்தில் வளர்ந்தவர், கோவிந்தனின் பிள்ளைகள் தம் மொழியில் ஒரு கடிதம் எழுதினால் அரசாங்கம் பதில் எழுதத் தேவையில்லை என்ற சட்டத்துக்குக் கை தூக்கினார். இதற்கு எத்தனை விளக்கம் சொன்னாலும் நம்மால் ஏற்க முடியாது. சிங்கள விவசாயியின் ஆதரவு இல்லாமல் நெற்காணிச் சட்டம் வந்திருக்காது, ஆகவே அந்த விலையை அவர் கொடுத்தார் என்று சிலர் சொல்வார்கள். விலையைக் கொடுத்தது அவர் அல்ல. நாம்.

அவருடைய கூட்டுறவின் அலகு கிராமம். வயல் இருக்கும் கிராமம். நாம் இருந்தது லயத்தில். நமக்கு வயல் இல்லை, வாக்கு இல்லை, பலருக்கு நாடே இல்லை. நெற்காணிச் சட்டம் நெல்லைத்தான் தொட்டது. பஸ்ஸையும் துறைமுகத்தையும் 1958 இல் அரசாங்கம் எடுத்தது. தேயிலையைத் தொடவில்லை. களத்து வாசலில் நின்ற முதலாளியின் வண்டியைத் தடுத்தவர், நமது செக்ரோல் வாசலுக்கு வரவே இல்லை. அது அவருக்குத் தெரியாத வாசலும் அல்ல.

வரலாறு நேர்கோட்டில் போவதில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறோம். 1965 இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் பிலிப் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சர். அந்த அரசாங்கம் 1966 ஜனவரியில் தமிழ் மொழிப் பாவனைக்கு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது, 1956 இல் தமிழுக்காக வாக்களித்த இடதுசாரிகள் அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். 1956 இல் சிங்களம் மட்டும் என்றவர் அரசாங்கத்தில் இருந்தார். நமது தொண்டமானும் அந்தச் சபையில் நியமன உறுப்பினர். யார் எப்போது எந்தப் பக்கம் நின்றார் என்று பட்டியல் போட்டால் எந்தக் கட்சியும் தப்பாது. ஆகவே கட்சிக் கொடியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் நம் பக்கம் என்ன வந்து சேர்ந்தது என்று பாருங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு குறையும் உண்டு, அது அவருடைய கூட்டுறவின் உள்ளேயே இருந்தது. அது அமைச்சிலிருந்து கீழே இறங்கி வந்தது. ரொச்டேல் கடை தொழிலாளர் கையால் சல்லி சல்லியாகச் சேர்த்துக் கட்டியது. நமது பலநோக்குச் சங்கம் கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கையால் கட்டியது. கொழும்பில் ஆட்சி மாறினால் ஊரில் சங்கத்தின் தலைவரும் மாறினார். காலம் போகப் போக அங்கத்தவன் கணக்குக் கேட்கும் இடமாக இல்லாமல், வரிசையில் நிற்கும் இடமாக அது ஆனது. பிலிப் 1970 தேர்தலில் தோற்று, 1972 மார்ச்சில் காலமானார். அடுத்த இரண்டு வருடத்தில் வந்த பஞ்சத்தை நமது அம்மாமார் இன்றைக்கும் சொல்வார்கள். 1973, 74. பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, தோட்டங்களில் பட்டினிச் சாவு. சங்கக்கடை இருந்தது. கடைக்குள் சாமான் இல்லை, கடைக் கமிட்டியில் நமது ஆட்களுக்குக் குரல் இல்லை.

இப்போது நமது கணக்குக்கு வருகிறோம்.

தோட்டத்தில் கூட்டுறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் 1990 களிலிருந்து நமது தோட்டங்களில் இருக்கிறது. வீட்டுக் கடன், சேமிப்பு, சில இடங்களில் கடை. நல்ல காரியமும் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பல தோட்டங்களில் தலைவர் நாற்காலியில் இருப்பது துரை. கணக்கை வைத்திருப்பது தோட்டக் காரியாலயம். கடன் கழிவது செக்ரோலில். தொழிலாளர் கூட்டுறவு என்று பெயர், பூட்டும் சாவியும் பங்களாப் பக்கம்.

எம்மில் ஒருவருடைய அம்மா வேலை நின்றபோது நடந்ததைச் சொல்கிறோம். கூரை போட எடுத்த கடன். வருடக் கணக்காக மாதாமாதம் சம்பளத்தில் கழிந்தது. சேமலாப நிதி எடுக்கப் போன நேரம் இன்னும் கடன் மிச்சம் இருக்கிறது என்றார்கள். எவ்வளவு கட்டினேன் என்று அம்மா கேட்டார். புத்தகம் இல்லை. அவருக்கு எப்போதுமே புத்தகம் கொடுத்திருக்கவில்லை. பழைய சம்பளச் சிட்டைகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தார், அதில் பாதி மழை ஒழுக்கில் ஊறிப் போயிருந்தது. மிச்சமிருந்த சிட்டைகளை அடுக்கி, நாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். கடன் முடிந்து 14 மாதம் மேலதிகமாகக் கழிந்திருந்தது. சிட்டைகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகு காசு திரும்பி வந்தது. யாரும் திருடினார்கள் என்று நாம் சொல்லவில்லை. கழிப்பதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆகவே அது நிற்கவில்லை, அவ்வளவுதான். மற்ற அம்மாமாரின் தகரங்களில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

ஆகவே இதைச் செய்வோம். உங்கள் தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்போது என்று முதலில் கேட்டறியுங்கள். கடைசியாக எப்போது நடந்தது என்றும் கேளுங்கள், சில இடங்களில் அந்தப் பதிலே போதும். நீங்கள் அங்கத்தவரா, பங்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு இருக்கிறதா, கடன் புத்தகம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள், பிரதியில் திகதி போட்டு வாங்குங்கள். உபவிதிகளின் பிரதி ஒன்றைக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் கேட்டு எடுப்பதற்குச் சங்கக் காரியாலயம் உதவும். கமிட்டிக்கு யார் யார் வரலாம், எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அதில் பார்த்த பிறகு அடுத்த வகுப்பில் பேசுவோம். தலைவர் நாற்காலியைப் பற்றியும் அப்போது பேசுவோம். இன்றைக்கு முதலில் கொப்பி.

அந்தத் தங்கச்சி இன்றும் பின்வரிசையில்தான் இருக்கிறார். தன்னுடைய லயத்தில் பன்னிரண்டு வீட்டுச் சிட்டைகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதற்கு அவர் முன்வந்திருக்கிறார். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அப்படி இரண்டு பேர் வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கணக்குத் தெரியாது என்று யோசிக்காதீர்கள், கூட்டலும் கழித்தலும்தான். கொப்பியும் பேனையும் சங்கம் தரும். பெயர் கொடுப்பவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு மாதர் தலைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.